மொட்டை மாடியில் மூன்று நாள்: கோத்தகிரிப் பக்கம் ஒரு 'புதிய மார்க்க' முகாம்

ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம். அந்த அரை, வெந்நீருக்கு.

நடத்துகிறவர்களின் பெயரைப் போடப்போவதில்லை. கோத்தகிரி பஸ் ஸ்டாண்டிலிருந்து எஸ்டேட் ரோட்டில் ஜீப்பில் இருபது நிமிடம், பழைய பங்களா ஒன்று. மூன்று நாள், சாப்பாடு தங்கலோடு 4,500 ரூபாய். "மதத்தை விட்டவர்களுக்கு ஒரு வீடு" என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் போனேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், யார் சொல்கிறான் என்று தெரிய வேண்டாமா? குன்னூரில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். பத்தொன்பது வயதில் ஞானஸ்நானம் எடுத்தேன். அதற்குப் பிறகு இருபத்தாறு வருடம் ஒரு பெந்தெகொஸ்தே சபையில் விசுவாசி. தசமபாகம் ஒரு மாதம் தவறியதில்லை. ஞாயிறு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் கைப்பிரதி கொடுத்த கை இது. ஏன் விட்டேன் என்பது வேறு கதை. சபை பாஷையில் நான் இப்போது பின்மாற்றக்காரன். ஆறு வருடம் ஆகிறது.

முதலில் வசதிகள். டிசம்பர் மாதம், காலையில் புல் மேலெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். அறைக்கு ஒரு கம்பளி, அதுவும் நனைந்த நாய் வாசம். சாப்பாடு நன்றாகவே இருந்தது. ராகிக் களியும் அவரைக் குழம்பும் முதல் நாள் ராத்திரி இரண்டு தரம் வாங்கினேன். டீ மோசம். தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு இப்படி ஒரு டீ போட தனித் திறமை வேண்டும். வெந்நீருக்குப் பின்கட்டில் விறகு பாய்லர் இருக்கிறது. விடிகாலை நாலரைக்கு வாளியோடு வரிசையில் நிற்க வேண்டும், ஆனால் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வரும். விறகு தள்ளுகிற படுக அம்மாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். அந்த இடத்தில் ஒழுங்காக வேலை செய்தது அவர் ஒருவர்தான்.

மௌன முகாம் என்பதால் பேச அனுமதி சாயங்காலம் நாலு முதல் ஐந்து வரை மட்டும். அதனால் உண்மையான பேச்செல்லாம் பாய்லர் வரிசையில் கிசுகிசுப்பாகத்தான் நடந்தது.

என் முன்னால் நின்றவர் மேட்டுப்பாளையத்துக்காரர், காய்கறி மண்டி வைத்திருப்பவர். இளவயதில் நாற்பது நாள் ஜமாத்தெல்லாம் போனவர். இப்போது தொழுகை கிடையாது. நான் பழக்கதோஷத்தில் "பாய்" என்றுவிட்டேன். "அப்படிக் கூப்பிடாதீங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "சரி, கூப்பிடுங்க. மண்டியில முப்பது வருஷமா எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறாங்க, புதுசா என்ன சொல்லச் சொல்றது" என்றார். பின்னால் ஸ்ரீரங்கத்து மாமி, பேங்க்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். கணவர் இறந்த பத்தாம் நாள் நடந்த சடங்கோடு எல்லாவற்றையும் விட்டுவிட்டதாகச் சொன்னார். "மாமின்னு கூப்பிடலாமா?" என்று கேட்டேன். "பகவானை விட்டுட்டேன் தம்பி, மாமியை விட முடியலை. அது மதம் இல்லையே, ஜாதின்னா" என்று சிரித்தார். என்னை இரண்டு பேரும் மூன்று நாளும் பிரதர் என்றும் தம்பி என்றும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டார்கள்.

நிறுவனர் விஷயத்துக்கு வருகிறேன். அவரை 'ஐயா' என்றுதான் சொல்ல வேண்டும். கோயம்புத்தூரில் பம்ப்செட் வியாபாரம் செய்தவராம். குரல் நல்ல குரல். முதல் நாள் உரையில் அவர் சொன்னது: "எல்லா மதமும் படிக்கட்டு. நாம் நிற்பது மொட்டை மாடி."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாய் மெதுவாக என்னை இடித்தார். அடுத்த நாள் வெந்நீர் வரிசையில் அதைப் பற்றித்தான் பேச்சு. பாய் சொன்னார்: "எங்க பயான்லயும் இதுதான். முந்தி வந்த நபிமாரெல்லாம் சரிதான், ஆனா கடைசியா வந்தது எங்களுக்கு." எங்கள் சபையில் மற்ற மதங்கள் இருக்கட்டும், சிஎஸ்ஐக்காரரே மேலே வரமுடியாது. தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டவர்கள், முழுக்கு இல்லையே! மாமி வீட்டிலோ சண்டை நெற்றிக்குள்ளேயே. நாமத்துக்குப் பாதம் உண்டா இல்லையா என்பதில் அவருடைய தாத்தா சொந்த மைத்துனரோடு பத்து வருடம் பேசவில்லையாம்.

சரி, அதையெல்லாம் விட்டுவிட்டு வந்தவர்கள்தானே நாங்கள், இப்போதாவது சமமாக இருப்போம் என்று பார்த்தால், அதுதான் இல்லை. "எங்கள்ல மதம் மாத்தறதுன்னே கிடையாது, அந்த ஒரு விஷயத்துல நாங்க உசத்திதான்" என்று மாமி ஆரம்பித்தார். கடவுளே இல்லை என்கிறவர்! "சாமி ஒண்ணு இருந்தா அது படம் சிலை இல்லாத ஒண்ணாத்தான் இருக்கணும், அதுல எங்க மார்க்கம் கரெக்டு" என்றார் பாய். நானும் சும்மா இருக்கவில்லை. எங்களிடம் சாதி கிடையாது என்று வாய் கூசாமல் சொன்னேன். எங்கள் சபையிலேயே கல்யாணப் பேச்சு வந்தால் முதலில் என்ன விசாரிப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா?

கொஞ்ச நேரத்தில் பேச்சு தலைகீழாகத் திரும்பியது. யாருடைய மதம் அதிகம் கொடுமை செய்தது என்று போட்டி. மூன்று மருமகள்கள் சேர்ந்து யார் மாமியார் மோசம் என்று பேசுவதுபோல. அதிலும் ஒவ்வொருவருக்கும் முதல் பரிசு தனக்கே வேண்டும். விறகு தள்ளிய அம்மா நிமிர்ந்து பார்த்து, "வாளி நெறஞ்சு வழியுது" என்றார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் தியானக் கூடத்துக்குள் விட்டார்கள். முன்னால் திரைகள், ஒவ்வொன்றாக விலக்கினால் பின்னால் ஒரு விளக்கு. வடலூரில் வள்ளலாரின் சபைக்குப் போனவர்களுக்கு இது எங்கிருந்து வந்தது என்று தெரியும். அங்கே ஏழு திரை, இங்கே மூன்று. பட்ஜெட் போல. பிறகு ஒவ்வொருவராக எழுந்து 'அனுபவம்' சொல்லச் சொன்னார்கள். அது எங்கள் சபையின் சாட்சி நேரம், நான் கண்ணை மூடிக்கொண்டே நடத்துவேன். ராத்திரி ஒரே தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடவேண்டும் என்றபோது பாய், "இது எங்க ஜமாத்துல எடுத்தது" என்றார். கடைசியில் உள்ளங்கையில் துளசித் தண்ணீர் விட்டார்கள். மாமி அதை வாங்கி, அனிச்சையாகத் தலையில் தடவிக்கொண்டு, பிறகு எங்களைப் பார்த்து முறைத்தார்.

அதற்காக நான் ஒரு நட்சத்திரம் குறைக்கவில்லை. புதுவீடு கட்டுகிறவர்கள் பழைய வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு வருவது வழக்கம்தான். எனக்கு உறுத்தியது வேறு. ஐயா சொன்னார்: "நீங்கள் எதையும் விடவேண்டாம். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்." காம்போ ஆஃபர்!

இந்த ஆறு வருடத்தில் கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் நான் படித்தது இந்த 'விடுவது' விஷயத்தைத்தான். வள்ளலார் 1873இல் மேட்டுக்குப்பத்தில் பேசிய பேருபதேசத்தில், தனக்கு முன்பு சைவத்தின் மேல் இருந்த பற்று இவ்வளவு என்று அளவிட முடியாது என்று சொல்லி, அதை விட்டுவிட்டதாகவும் கேட்பவர்களும் விட்டுவிடவேண்டும் என்றும் சொல்கிறார். திருவொற்றியூரிலும் சிதம்பரத்திலும் உருகிப் பாடிய மனிதர் சொல்கிறார் இதை. அம்பேத்கர் 1935இல் இயோலாவில் இந்துவாகச் சாகமாட்டேன் என்றார், 1956 அக்டோபர் 14இல் நாக்பூரில் பௌத்தம் ஏற்றார். இடையில் இருபத்தோரு வருடம். அன்று கொடுத்த 22 உறுதிமொழிகளில் முதலில் வருவதே இன்னின்ன தெய்வங்களை வணங்கமாட்டேன் என்பது. விடுவதற்கு ஒரு விலை இருக்கிறது, அந்த விலையை முதலில் கொடுத்தவர்கள் அவர்கள்.

நம் மலைக்கே ஒருவர் உண்டு. அயோத்திதாசர் இளமையில் நீலகிரியில் வாழ்ந்தவர், 1870களில் இங்கே அத்வைதானந்த சபை நடத்தியவர். பிறகு அதையும் தாண்டிப் போய், 1898இல் இலங்கையில் பஞ்சசீலம் பெற்று சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். புதிதாக ஒன்றும் செய்யவில்லை, நாம் ஆதியில் பௌத்தர்கள், திரும்பிப் போகிறோம் என்பது அவர் வாதம். பாய்லர் பக்கத்தில் இதைச் சொன்னபோது மாமி, "தான் ஆரம்பிச்சதையே விடறதுதான் கஷ்டம்" என்றார். அதற்கும் ஆள் இருக்கிறார். ஜே. கிருஷ்ணமூர்த்தியை உலக குரு என்று சொல்லி பிரம்மஞான சபைக்காரர்கள் 1911இல் ஒரு சங்கமே அமைத்துவிட்டார்கள், ஆயிரக்கணக்கில் உறுப்பினர்கள். 1929 ஆகஸ்டில் ஹாலந்தில் அவரே எழுந்து நின்று அதைக் கலைத்தார். வள்ளலார் கடை விரித்தேன் கொள்வாரில்லை என்றதாகச் சொல்வார்கள். இவரோ வாசலில் கூட்டம் நிற்கும்போது ஷட்டரை இறக்கியவர். வியாபாரியாக எனக்கு அது இன்றுவரை ஆச்சரியம்.

நம் ஐயா ஷட்டரை இறக்குகிற ரகம் இல்லை. மூன்றாம் நாள் காலை 'தீட்சை' என்றார்கள். விருப்பம் இருந்தால் மட்டும், 1,100 ரூபாய். விருப்பம் இல்லாதவர்களைக் கடைசி வரிசைக்குப் போகச் சொன்னார்கள். நாங்கள் மூன்று பேரும் கடைசி வரிசை. கண்ணை மூடச் சொல்லி அரை மணி நேரம் ஆகியிருக்கும், பசி தாங்காமல் பாய் ஸ்வெட்டர் பையிலிருந்து வர்க்கி ஒன்றை எடுத்து வாயில் போட்டார். ஊட்டி வர்க்கி தெரியுமல்லவா, அடுக்கடுக்காக நொறுங்கும். அந்த மௌனத்தில் அது ஓடு உடைகிற மாதிரி கேட்டது. மாமிக்குச் சிரிப்பு. எனக்கும். அதே நேரம் வெளியே யாரோ "காட்டுமாடு, காட்டுமாடு" என்று கத்த, தீட்சை வாங்கியவர்கள் வாங்காதவர்கள் எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினோம். தேயிலைச் செடிக்கு நடுவில் பெரிய ஆண் ஒன்று, வெள்ளைக் காலுறை போட்டதுபோல் நாலு கால், மூக்கிலிருந்து ஆவி. அது எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கியது. முகாமிலேயே உண்மையான மௌனம் அந்த ஐந்து நிமிடம்தான். ஒரு நட்சத்திரம் அதற்கு, ஒன்று களிக்கு.

குறை என்று எழுதவேண்டியவை: ரசீது கேட்டால் "நன்கொடை" என்று போட்டுத் தருகிறார்கள். அறையில் சார்ஜ் போட இடமில்லை. கிளம்பும்போது விறகு அம்மாவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். படுகர்களின் தெய்வமான ஹெத்தையம்மன் பண்டிகைக்கு நாலு நாள் லீவு கேட்டாராம், முகாம் இருக்கிறது என்று ஐயா தரவில்லை. "எல்லா சாமியும் ஒண்ணுதானே, இங்கயே கும்பிடு"ன்னுட்டாராம். "பேரகணி கோயிலுக்கு வெள்ளைச் சீலை கட்டி நடந்து போவோம், இவருக்கு என்ன தெரியும்" என்று பெரிய கட்டையாக ஒன்றை எடுத்து உள்ளே தள்ளினார். நட்சத்திரக் கணக்கை நான் அந்த இடத்தில்தான் முடித்தேன்.

போகிறவர்கள் சொந்தக் கம்பளி எடுத்துப் போங்கள். வர்க்கியைக் கோத்தகிரியிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் சாயங்காலம் நாலு மணிக்குமேல் சாப்பிடுங்கள்.

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் மூன்று பேரும் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். இருபது வயதுப் பையன் ஒருவன், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, வந்து ஆளுக்கொரு கைப்பிரதி கொடுத்தான். பாய் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மாமி விசிறிக்கொண்டார், அந்தக் குளிரிலும். நான் படித்தேன். யோவான் 3:16 வசனத்தை அச்சடித்துவிட்டு, கீழே 3:6 என்று போட்டிருந்தார்கள்.

"தம்பி, இது மூணு பதினாறு. அச்சாபீஸ்ல சொல்லி மாத்தச் சொல்லு, ஆளுங்க தேடிப் பார்ப்பாங்க" என்றேன்.

அவன் முகம் மலர்ந்தது. "ஸ்தோத்திரம் பிரதர். நீங்க எந்த சபை?"

பாயும் மாமியும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்லவேளை, குன்னூர் பஸ் வந்துவிட்டது.