நுக்ருமாவா, நைரேரேவா?

ஆப்பிரிக்க விடுதலைத் தலைவர்களில் ஒருவரை மட்டும் படிக்க நேரமிருந்தால் யாரை எடுப்பது?

விறுவிறுப்பு வேண்டுமென்றால் கானாவின் குவாமே நுக்ருமா. 1951 தேர்தலில் சிறைக்குள் இருந்தபடியே அக்ராவில் ஜெயித்தார். பிரிட்டிஷ் ஆளுநரே அவரை விடுவித்து ஆட்சியமைக்க அழைத்தார். 1957 மார்ச் 6-ல் விடுதலை. ஆனால் மறு வருடமே விசாரணையின்றி அடைக்கும் சட்டம். 1948-ல் தன்னோடு கைதான சக விடுதலைத் தலைவர் டான்குவா, 1965-ல் நுக்ருமாவின் சிறையிலேயே இறந்தார். மனசு ஆறாத இடம் அது. அடுத்த வருடம் ராணுவம் நுக்ருமாவைக் கவிழ்த்தது.

தான்சானியாவின் ஜூலியஸ் நைரேரே பள்ளி ஆசிரியர். அவரும் ஒரே கட்சி ஆட்சிதான் நடத்தினார். உஜாமா என்ற கூட்டு விவசாயக் கிராமங்களில் மக்களைக் கட்டாயமாகக் குடியேற்றியதில் விவசாயம் அடிவாங்கியது. இருந்தும் என் ஓட்டு இவருக்கே. நூற்றுக்கும் மேற்பட்ட இனக்குழுக்களைச் சுவாஹிலி மொழியால் இணைத்தார். 1985-ல் தானாகவே அதிபர் பதவியை விட்டு இறங்கினார்.