கையால கார்டு செய்றவங்க கவனத்துக்கு: "300 ஜிஎஸ்எம், வாட்டர்ப்ரூஃப்"னு நம்பி 4,480 ரூபாய் போச்சு

ஸ்டாம்ப், வாட்டர்கலர் வெச்சு வாழ்த்து அட்டை செய்றவங்க எல்லாரும் இதை ஒருதடவை படிச்சிடுங்க ப்ளீஸ், கொஞ்சம் நீளமாத்தான் வரும். நான் குரோம்பேட்டையில வீட்டுல இருந்தே கார்டு செஞ்சு விக்கிறேன், நாலு வருஷமா இதுதான் என் வருமானம். போன கார்த்திகையில ஒரு அக்கா பேசினாங்க, அவங்க அப்பா அம்மாவுக்கு தை மாசம் திருக்கடையூர்ல அறுபதாம் கல்யாணம், வர்றவங்களுக்கு தாம்பூலப் பையில வெச்சுக் குடுக்க 50 நன்றி கார்டு வேணும்னு. முன்பக்கம் கோபுரம், கீழ ரெண்டு தாமரை, உள்ள "அன்போடு நன்றி", அவ்ளோதான். அச்சடிச்சது வேணாம் ஒவ்வொண்ணும் கையால கலர் பண்ணதா இருக்கணும்னு சொன்னாங்க. அவங்க அப்பா சின்ன வயசுல ஃப்ரெண்ட்ஸ் போஸ்ட்ல அனுப்பின பொங்கல் வாழ்த்து எல்லாத்தையும் இன்னும் டிரங்குப் பெட்டியில வெச்சிருக்காராம். அதைக் கேட்டதும் இதுக்கு நல்ல பேப்பர்தான் போடணும், இந்த 50ம் பல வருஷம் நிக்கணும்னு எனக்கு ஒரு ஆசை வந்துடுச்சு.

அந்த ஆசையிலதான் மாட்டினேன்.

இன்ஸ்டாகிராம்ல ஒரு கிராஃப்ட் சப்ளைஸ் பேஜ். பேரு இங்க போடல. பேஜ் பார்க்க அவ்வளவு அழகா இருந்துச்சு, ஹைலைட்ஸ் முழுக்க கார்டு படங்கள், "கஸ்டமர் லவ்"னு தலைப்பு. நான் கேட்டதுக்கு ரெண்டு நிமிஷத்துல ரிப்ளை, "சொல்லுங்க சிஸ், எது வேணும் சிஸ்"னு. 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் பேப்பர் எத்தனை கிராம்னு சொல்ற கணக்கு) 100 சதவீதம் காட்டன் கோல்ட் ப்ரெஸ், அதாவது மேல லேசா சொரசொரப்பா இருக்கிற பேப்பர், ஏ4 சைஸ்ல 20 ஷீட் ஒரு பேக் 890, ரெண்டு பேக் எடுத்தேன். ஒரு ஏ4ஐ ரெண்டா வெட்டி மடிச்சா ரெண்டு கார்டு வரும், 50க்கு 25 ஷீட் போதும்தான், கெட்டுப் போறதுக்கும் சேர்த்து 40 வாங்கினேன். கறுப்பு வாட்டர்ப்ரூஃப் இங்க் பேட் 650. கோபுரம் போட்ட கஸ்டம் ஃபோட்டோபாலிமர் (கண்ணாடி மாதிரி தெரியுற ஒரு வகை பிளாஸ்டிக்) ஸ்டாம்ப் 950, தமிழ் எழுத்து ஸ்டாம்ப் 700, ஸ்டாம்பை ஒட்டிப் பிடிச்சு அடிக்கிற அக்ரிலிக் பிளாக் 280, கொரியர் 120. மொத்தம் 4,480 ரூபாய். கேஷ் ஆன் டெலிவரி கிடையாது, யுபிஐல முழுசா முன்னாடியே அனுப்பணும்னாங்க, அனுப்பிட்டேன்.

ஏழு நாள்ல வரும்னு சொன்னது பத்தொன்பதாவது நாள் வந்துச்சு. அக்காவுக்கு குடுக்க வேண்டிய தேதிக்கு ஒன்பது நாள்தான் மிச்சம். அவசரத்துல பார்சலைப் பிரிச்சதை வீடியோ எடுக்கல, ஒரு துண்டு பேப்பர்ல டெஸ்ட்டும் பண்ணல. ரெண்டும் என் தப்பு, நீங்க பண்ணாதீங்க.

அன்னிக்கு ராத்திரியே உட்கார்ந்துட்டேன். கோபுரம் ஸ்டாம்ப்ல இங்க் தட்டினா அது பரவவே இல்ல, தாமரை இலை மேல தண்ணி மாதிரி முத்து முத்தா திரண்டு நிக்குது, பேப்பர்ல வெச்சு எடுத்தா கோபுரத்துல பாதி பொம்மை இருக்கு பாதி இல்ல. புது ஃபோட்டோபாலிமர் ஸ்டாம்ப்ல சில சமயம் மேல ஒரு வழவழப்பு இருக்கும், வெள்ளை ரப்பரால லேசா தேய்ச்சா சரியாயிடும், அதையும் பண்ணிப் பார்த்தேன், ஒண்ணும் ஆகல. அப்புறம்தான் புரிஞ்சுது அது ஃபோட்டோபாலிமரே இல்ல, சிலிகான். ரெண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரி கண்ணாடியா தெரியும், ஆனா சிலிகான் இங்க்கைப் பிடிச்சு வெக்காது. என்கிட்ட ஸ்டாம்பிங் பிளாட்ஃபார்ம் இருக்கிறதால ஒரே இடத்துல திரும்பத் திரும்ப அடிக்கலாம், ஒவ்வொரு கார்டுலயும் மூணு தடவை அடிச்சு எப்படியோ கோடு வர வெச்சேன், ராத்திரி ஒன்றரை மணிக்கு 28 கார்டு ஆச்சு. காயட்டும்னு டேபிள் முழுக்கப் பரப்பி வெச்சுட்டுப் படுத்தேன்.

காலையில ஹீட் கன் வேற காட்டினேன், இன்னும் நல்லா செட் ஆகட்டும்னு. கேம்லின் டியூப்ல கொஞ்சம் மஞ்சக்காவி கரைச்சு கோபுரத்து மேல முதல் பிரஷ் வெச்சேன். கறுப்புக் கோடு அப்படியே கரைஞ்சு ஊதாவா ஓடுச்சு. வாட்டர்ப்ரூஃப் இங்க் அப்படி ஓடவே ஓடாது, தண்ணி பட்டதும் ஊதாவும் நீலமுமா பிரிஞ்சு வருதுன்னா அது தண்ணியில கரையுற சாதாரண டை இங்க், அதாவது சாய மை. அடுத்த கார்டு, அதுக்கடுத்த கார்டு, எல்லாம் அதே கதி. 28ம் போச்சு. ராத்திரி முழிச்சு அடிச்ச 28.

இங்க் விஷயத்துல புதுசா வர்றவங்க நிறைய பேர் குழம்புறாங்க, அதனால இதையும் சொல்லிடுறேன். மெமென்டோ மாதிரி டை இங்க் ஆல்கஹால் மார்க்கருக்கு அருமையா இருக்கும், ஆனா அதுக்கு மேல வாட்டர்கலர் போட்டா ஓடும், அது அந்த இங்க்கோட குறை இல்ல, வேலையே வேற. வாட்டர்கலருக்கு வெர்சாஃபைன், ஆர்க்கைவல் மாதிரி காஞ்சா கரையாத வகை வேணும். எனக்கு கோபம் என்னன்னா டை இங்க்கை டை இங்க்குன்னு சொல்லி வித்திருந்தா நான் வாங்கியே இருக்க மாட்டேன், டப்பா மேலயே "வாட்டர்ப்ரூஃப்"னு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பியிருக்காங்க.

பேப்பர் கதை இன்னும் மோசம். இங்க் ஓடினது போகட்டும்னு ஸ்டாம்ப் இல்லாம வெறும் பேப்பர்ல தாமரை மட்டும் போட்டுப் பார்த்தேன். கலர் வெச்ச இடத்துல உறிஞ்சுக்குச்சு, ஒத்துற காகிதம் மாதிரி, இழுக்க முடியல, விளிம்பை மெதுவா கரைக்கவும் முடியல. ரெண்டாவது தடவை பிரஷ் போனதும் மேல்பக்கம் நூல் நூலா உரிஞ்சு வருது. மாஸ்கிங் டேப் எடுத்தா தோலோட வருது. நல்ல வாட்டர்கலர் பேப்பர்ல சைஸிங்னு ஒண்ணு இருக்கும், ஜெலட்டின் மாதிரி ஒரு பசை, அதுதான் தண்ணியை உடனே உள்ள இழுக்க விடாம மேலயே நிறுத்தும், நாம கலரை ஓட்டி விளையாட நேரம் குடுக்கும். பனியன் கம்பெனி வெட்டுத்துணியில செய்ற நம்ம ஊர் கைக்காகிதம் நிஜமாவே காட்டன்தான், ஆனா அதுலயும் சைஸிங் இல்லன்னா வாட்டர்கலருக்கு ஆகாது. வாங்கினதும் ஒரு மூலையில ஒரு சொட்டு தண்ணி விடுங்க, சொட்டு கொஞ்ச நேரம் உருண்டையா நின்னா நல்லது, உடனே உள்ள போய் பின்பக்கம் ஈரமாத் தெரிஞ்சா விட்டுடுங்க.

சரி, அந்த பேஜுக்கு மெசேஜ் போட்டேன், படம் வீடியோ எல்லாம் வெச்சு, மரியாதையாத்தான். ரெண்டு நிமிஷத்துல ரிப்ளை பண்ணவங்க மறுநாள் சாயங்காலம்தான் பார்த்தாங்க. "சிஸ் நீங்க தண்ணி ஜாஸ்தி விட்டிருக்கீங்க, டெக்னிக் பிரச்சினை"ன்னாங்க. நாலு வருஷமா செய்றேன்னு சொன்னேன். "அன்பாக்ஸிங் வீடியோ இருக்கா"ன்னாங்க. இல்லன்னதும் "நோ ரிட்டர்ன் நோ எக்ஸ்சேஞ்ச்னு பயோல போட்டிருக்கே"ன்னாங்க. எழுத்து ஸ்டாம்ப் படத்தை அனுப்பினேன், அதுல "அன்போடு" எப்படி இருந்துச்சு தெரியுமா, ப முதல்ல வந்து அதுக்குப் பின்னாடி இரட்டைக் கொம்பும் காலும் ஒரு புள்ளி வட்டத்தோட தொங்குது, படிக்கவே முடியாது. வாட்ஸ்அப்ல நான் டைப் பண்ணி அனுப்பினது சரியாத்தான் இருக்கு, அவங்க டிசைன் சாஃப்ட்வேர்ல ஒட்டும்போது தமிழ் உடைஞ்சிருக்கு, யாரும் ஒருதடவை படிச்சுக்கூட பார்க்கல. அதுக்கு வந்த பதில் "டெக்ஸ்ட் உங்க பொறுப்பு சிஸ்". அவங்க போஸ்ட்டுக்குக் கீழ ஒரு கமென்ட் போட்டேன், பத்து நிமிஷத்துல கமென்ட் போச்சு, என்னை பிளாக்கும் பண்ணிட்டாங்க. அப்புறம் தங்கச்சி ஃபோன்ல இருந்து அந்த "கஸ்டமர் லவ்" படங்களை கூகுள் லென்ஸ்ல போட்டுப் பார்த்தேன், நான் பார்த்த அஞ்சுல நாலு படம் வெளிநாட்டுல கார்டு செய்றவங்க பல வருஷம் முன்னாடி போட்டது. பணம் அனுப்பறதுக்கு முன்னாடி இதை நான் பார்த்திருந்தா போதும்.

அக்காகிட்ட மறைக்கல, உள்ளதைச் சொல்லிட்டேன். "பரவால்ல விடும்மா, உன்னால முடிஞ்சதைச் செய்"னாங்க, அது இன்னும் கஷ்டமா இருந்துச்சு. மறுநாள் ட்ரெயின் ஏறி சென்னை பாரிஸ் கார்னர் போனேன். ஆண்டர்சன் தெருவுல ஒரு பழைய பேப்பர் கடையில என்கிட்ட இருந்த ஷீட்டைக் காட்டி இது 300 ஜிஎஸ்எம்மாண்ணான்னு கேட்டேன். அவர் தொட்டுப் பார்த்தே தலையை ஆட்டினார். அப்புறம் பிரிக்காத பேக்ல இருந்து 16 ஷீட் எண்ணித் தராசுல வெச்சார், 203 கிராம். "16 ஏ4 சேர்ந்தா ஒரு சதுர மீட்டர்மா, ஏ0வை நாலு தடவை பாதியாக்கினாதானே ஏ4, அப்ப 16 ஷீட் எத்தனை கிராமோ அதான் ஜிஎஸ்எம்"னார். காத்து ஈரத்துல கொஞ்சம் முன்னப்பின்ன ஆகலாமாம், நூறு கிராம் குறையாது. வீட்டுல சமையல் தராசு இருந்தா நீங்களே போட்டுப் பார்க்கலாம். 300ன்னு காசு வாங்கிட்டு 200 குடுத்திருக்காங்க. அவர் கடையிலயே ஒரு ஷீட்ல தண்ணி சொட்டு விட்டுக் காட்டிட்டுத்தான் பேப்பர் குடுத்தார்.

அங்க இருந்து ஹைகோர்ட் பக்கம் ஆபீஸ் சீல் செய்யுற கடை ஒண்ணு. அந்தப் பெரியவர் என் ஃபோனை வாங்கிப் பார்த்துட்டு "தமிழை எழுத்தா அனுப்பாதம்மா, படமாக்கி அனுப்பு, அப்பதான் உடையாது"ன்னார். கோபுரமும் எழுத்தும் ரப்பர்லயே அன்னிக்கு சாயங்காலம் கைக்கு வந்துடுச்சு, ரெண்டும் சேர்த்து 600 ரூபாய். செய்றதுக்கு முன்னாடி பேப்பர்ல ஒரு பிரிண்ட் எடுத்து என்னையே வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். இங்க் ஒரு ஃப்ரெண்டு குடுத்தா. 50ம் முடிச்சேன், கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி மயிலாடுதுறை பஸ்ல குடுத்தனுப்பினேன்.

இப்ப புகார் விஷயம். "நோ ரிட்டர்ன்"னு பயோல போட்டுட்டா அதுவே சட்டம் இல்ல, சொன்னதுக்கு மாறான பொருளையோ குறையுள்ள பொருளையோ அனுப்பிட்டுத் திரும்ப வாங்க மாட்டேன்னு சொல்ல முடியாது. அந்த பேஜ்காரங்க இன்னொண்ணும் சொன்னாங்க, நீங்க பிசினஸ் பண்றீங்க அதனால கன்ஸ்யூமர் கிடையாதுன்னு. அதுவும் தப்பு, சுயதொழில் செஞ்சு பிழைக்கிறதுக்காக மட்டும் வாங்கினா 2019 நுகர்வோர் சட்டப்படி நாமளும் நுகர்வோர்தான். தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு ஃபோன் பண்ணினேன், புகார் நம்பர் குடுத்தாங்க. பேங்க்ல கேட்டதுக்கு நீங்களே பின் போட்டு அனுப்பின பணம், எங்களால திருப்ப முடியாதுன்னுட்டாங்க. பணத்தை வாங்கிட்டுப் பொருளே அனுப்பாம ஓடினவங்கன்னா தாமதிக்காம சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930க்குப் பண்ணுங்க. எனக்குப் பொருள்னு ஏதோ வந்திருக்கிறதால 1915தான் வழி, அங்க பதில் வரலன்னா செங்கல்பட்டு நுகர்வோர் ஆணையத்துல போடலாம்னு இருக்கேன், வாங்கினவங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே போடலாம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது. சாட் ஸ்க்ரீன்ஷாட், யுபிஐ ரசீது, கொரியர் கவர், கெட்டுப்போன 28 கார்டு, அந்த 16 ஷீட், எதையும் தூக்கிப் போடல, எல்லாம் ஒரு ஃபைல்ல இருக்கு.

அந்த பேஜ் இன்னும் ஓடிட்டுத்தான் இருக்கு, நேத்துகூட "300 ஜிஎஸ்எம் காட்டன் ரீஸ்டாக்"னு ஸ்டோரி வந்திருக்கு, தங்கச்சி காட்டினா. இன்னிக்கு வரைக்கும் 4,480ல ஒரு ரூபாய் வரல. யாருக்காவது இதே மாதிரி பேக் வந்திருந்தா 16 ஷீட் எடை போட்டு படத்தோட எனக்கு மெசேஜ் பண்ணுங்க, சேர்ந்து புகார் குடுக்கலாம்.