நீண்ட நாள் குரல் பயிற்சி: எனக்குப் பலன் தந்தவையும் தராதவையும்

மலேசியாவின் சுங்கை சிப்பூட் வட்டாரத்துத் தோட்டக் கோயில்களில் தேவாரமும் பஜனையும் பாடுகிறவர்களுக்கு, மேளத்தையும் மணியோசையையும் தாண்டிக் குரல் எட்ட வேண்டும் என்பதே முதல் கவலை. அதற்காகப் பலர் தொண்டையை இறுக்கிப் பாடுகிறார்கள். திருவிழா முடிவதற்குள் குரல் கம்மிவிடுகிறது. பல ஆண்டுகளாக நான் விடாமல் செய்துவரும் சில அடிப்படைப் பயிற்சிகளின் பயனை இங்கே பகிர்கிறேன். ஓசையைத் தாழ்த்தி, நிதானமாகச் செய்த பயிற்சிகளே என் குரலுக்கு வலுச் சேர்த்தன.

அவற்றுள் முதலிடம் உறிஞ்சுகுழல் பயிற்சிக்கு. அரைக் குவளை நீரில் குழலின் நுனியை இரண்டு விரற்கடை ஆழத்தில் வைத்து, உதடுகளால் அதைக் கவ்விக்கொண்டு, ‘ஊ’ என்ற ஒலியை மத்திய ஸ்தாயி ஷட்ஜமத்திலிருந்து (நடு ‘ச’) தார ஸ்தாயி ஷட்ஜமம் (மேல் ‘ச’) வரை வழுக்கி ஏற்றி இறக்க வேண்டும். குமிழிகள் ஒரே சீராக எழுந்தால் மூச்சும் சீராகப் போகிறது. எந்த இடத்தில் குமிழி நின்று, பிறகு சட்டென்று பொங்குகிறதோ, அங்கே தொண்டை இறுகுகிறது. எனக்கு அந்த இடம் நிஷாதம் (‘நி’). குழலின் தடையால் குரல்நாண்களுக்கு மேலே காற்றழுத்தம் கூடுவதால், அவை ஒன்றோடொன்று கடுமையாக மோதாமல் அதிர்கின்றன என்று குரலியல் அறிஞர் இங்கோ டிட்சே உள்ளிட்டோர் விளக்கியிருக்கிறார்கள். பாடுவதற்கு முன் மட்டுமன்றி, பாடி முடித்த பின்னும் சில நிமிடங்கள் இதைச் செய்தால் மறுநாள் குரல் தெளிவாக இருக்கிறது.

மூச்சைப் பொறுத்தவரை, ‘வயிற்றிலிருந்து பாடு’ என்ற அறிவுரையைப் பலர் வயிற்றை இறுக்குவதாகப் புரிந்துகொள்கிறார்கள். உதரவிதானம் மூச்சை உள்ளே இழுக்கும் தசை. மூச்சு வெளியேறும்போது அது தளர்கிறது. அந்தத் தளர்வு ஒரேயடியாக நடந்துவிடாமல் மெல்ல நடக்கச் செய்வதே பாடகரின் வேலை. கீழ் விலாவில் கைகளை வைத்து, தோள்கள் உயராமல் விலா பக்கவாட்டில் விரியும்படி மூச்சிழுத்து, ‘ஸ்’ என்று சீராக விட்டுப் பழகியதில், ஒரு பதிக அடியை இடையில் முறிக்காமல் பாட முடிகிறது.

கர்நாடக இசையின் தொடக்கப் பயிற்சியான சரளி வரிசையைப் பிள்ளைகளுக்குரிய பாடமாக எண்ணி ஒதுக்குவது பெரிய இழப்பு. புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் இந்த வரிசைகளை நாம் 15-ஆவது மேளகர்த்தாவான (தாய் இராகமான) மாயாமாளவகௌளையில் பாடுகிறோம். அதில் ச-ரி-க-ம என்ற பகுதியின் இடைவெளிகளே ப-த-நி-ச என்ற பகுதியிலும் அப்படியே வருகின்றன. ஆகவே ரிஷபத்தில் (‘ரி’) காது பெற்ற தெளிவு தைவதத்துக்கும் (‘த’) உதவுகிறது. முதல் காலத்தில் (மெதுவான வேகத்தில்), தம்பூராச் செயலியை ஓடவிட்டு, அகாரத்தில் (‘ஆ’ என்ற ஒலியில்) பாடிக் கைப்பேசியில் பதிவுசெய்து கேட்பதுதான் நான் கண்ட மிக நேர்மையான ஆசிரியர்.

பனங்கற்கண்டு, மிளகு, இஞ்சிச்சாறு ஆகியவற்றை நெடுநாள் பயன்படுத்தினேன். தொண்டைக்கு இதமாக இருக்கும். அதற்கு மேல் பலன் தெரியவில்லை. விழுங்குவது உணவுக்குழாய்க்குள் போகிறதே தவிர, குரல்நாண்களைத் தொடுவதில்லை. மேடையேறும் நேரத்தில் குடிக்கும் ஒரு மிடறு நீரை நம்பாமல் காலையிலிருந்தே போதிய நீர் அருந்த வேண்டும். ஆவி நேரே குரல்நாண்களை எட்டும் என்பதால், 2019-இல் போலப் புகைமூட்டம் சூழும் நாள்களில் ஆவி பிடிப்பதையே நான் விரும்புகிறேன். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு, ஈப்போவிலாவது காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

இவை அனைத்துக்கும் முன்னால் தீர்மானிக்க வேண்டியது சுருதி, அதாவது நம் ‘ச’ எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பது. அந்த உயரத்தைக் ‘கட்டை’ என்ற அளவால் குறிப்பார்கள். ஆண்கள் பொதுவாக 1 முதல் 2 கட்டையிலும், பெண்கள் 5 முதல் 6 கட்டையிலும் பாடுவது வழக்கம் என்றாலும், மந்தர ஸ்தாயி பஞ்சமமும் (கீழ் ‘ப’) தார ஸ்தாயி பஞ்சமமும் (மேல் ‘ப’) வலியின்றி எட்டும் கட்டையே ஒருவருக்கு உரியது. மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் போட்டிக்குப் பிள்ளைகளைப் பயிற்றும் தோட்டத்து ஆசிரியர்களிடம் நான் வேண்டுவது இதுதான்: குரல் உடையும் வயதிலுள்ள பையன்களைச் சென்ற ஆண்டின் சுருதியிலேயே பாடும்படி வற்புறுத்தாமல், ஒவ்வொரு மாதமும் அவர்கள் குரலைக் கேட்டுக் கட்டையை இறக்கிக் கொடுங்கள்.