நீலகிரியிலிருந்து ஒரு சத்தம் வாங்கி வருவதென்றால்: சிடியா, பென் டிரைவா, க்யூஆர் அட்டையா?

ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் நின்று பார்த்தால், ஊர் திரும்புகிறவர்கள் கையில் வர்க்கி, தைலம், சாக்லேட், டீத்தூள் இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும். கொஞ்சம் தேடிப் போகிறவர்கள் தோடர் எம்பிராய்டரி சால்வை வாங்குவார்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற வேலைப்பாடு அது. நாக்குக்கும் மூக்குக்கும் தோளுக்கும் கிடைத்துவிடுகிறது. காதுக்குத்தான் ஒன்றும் கிடைப்பதில்லை.

கிடைக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு கடையில் மலைக்காட்டு ஓசைகள் என்று அட்டை போட்ட சிடி ஒன்றை ஆசையாக வாங்கினேன். முதலில் அருவி, அடுத்து மழை. மூன்றாவதில் பின்னணிப் பூச்சிச் சத்தத்துக்கு மேலே நீளமாக, அடிவயிற்றைப் பிசைகிற மாதிரி ஓர் ஊளை எழுந்தது. அது லூன் என்கிற நீர்ப்பறவை. வட அமெரிக்க ஏரிகளில் கூவுவது, நீலகிரியில் கிடையாது. எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கே எடுத்தது, எந்த மாதம், யார் எடுத்தது என்று ஒரு வரிகூட இல்லை.

அதற்குப் பிறகு நானே ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அலைய ஆரம்பித்தேன். பதிவுகளை நண்பர்களுக்கு ஒவ்வொரு வடிவத்திலும் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். இப்போது எதைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: சத்தத்தோடு அதன் சீட்டும் சேர்ந்து வீடு போய்ச் சேருகிறதா? சீட்டு என்றால் யார் குரல், எந்த ஊர், எந்த நாள், என்ன சொல்கிறது என்கிற நான்கு வரி. அது கழன்றுவிட்டால் கோத்தகிரி மழையும் குளியலறை ஷவரும் ஒன்றுதான்.

சிடி

தரத்தில் இன்றைக்கும் சிடியைக் குறை சொல்ல முடியாது. 1982-இல் சந்தைக்கு வந்தபோது இருந்த அதே அளவுதான்: 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். இன்றைய சிடி எதையும் சுருக்காமல் ஏறக்குறைய 80 நிமிடம் வரை பிடிக்கும். சுருக்காமல் என்பது காட்டு ஒலிக்கு முக்கியம். ஒரு பாட்டை எம்பி3-யாகச் சுருக்கினால் பெரிதாகத் தெரியாது. சில்வண்டு இரைச்சலையும் அருவியையும் குறைந்த பிட்ரேட்டில் சுருக்கிப் பாருங்கள். கண்ணாடித் தூளைத் தண்ணீரில் கலக்குகிற மாதிரி ஆகிவிடும். சுருக்கும் மென்பொருள் இரைச்சலைத் தேவையில்லாதது என்று எண்ணித் தள்ளுகிறது. சோலைக்காட்டின் பாதி உயிர் அந்த இரைச்சலில்தான் இருக்கிறது.

இரண்டாவது பலம் உள்ளே வைக்கும் சிறு புத்தகம். தோடர் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1930-களில் இங்கே தங்கி அந்த மொழியை எழுதியெடுத்த மொழியியலாளர் எமனோ காட்டிய மாதிரி, அது சின்னச் சின்னத் துண்டுகளாக, இணை இணையாக வரும். ஒரு துண்டைச் சொன்னால் அதற்கு ஜோடி எது என்பது மரபிலேயே முடிவானது. எருமையின் பெயர், மந்தின் (தோடர் குடியிருப்பின்) பெயர், மலையின் பெயர் என்று அடுக்கிக்கொண்டு போவார்கள். விளக்கம் இல்லாமல் கேட்கிற வெளியூர்க்காரருக்கு அது ஒரே மாதிரி ஓசையாகத்தான் படும். பத்துப் பக்கப் புத்தகம் இருந்தால் அதே பாட்டு திறந்துகொள்ளும்.

ஆனால் வாங்கிப் போய் எதில் போடுவது? புது லேப்டாப்பில் அதற்கு வாய் இல்லை, புதுக் காரிலும் இல்லை. நான் சிடி கொடுத்த ஏழெட்டுப் பேரில் ஒருவர்தான் கேட்டுவிட்டுப் பேசினார். மற்றவர்கள் வீட்டு அலமாரியில் அது பத்திரமாக இருக்கிறது.

பென் டிரைவ்

இது காருக்கென்றே பிறந்த வடிவம். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் 14 கொண்டை ஊசி வளைவுகளில், பின்சீட்டில் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்கும்போது, பூங்குருவியின் விசிலைக் காருக்குள் கேட்டுக்கொண்டே இறங்குவதற்கு ஈடு கிடையாது. மரக்கூடு போட்டுக் கொடுத்தால் பார்க்கவும் அழகு.

செய்கிறவர்களுக்கு அனுபவத்தில் இரண்டு விஷயம் சொல்கிறேன். ஃபேட் 32 முறையில் ஃபார்மேட் செய்யாவிட்டால் பழைய ஸ்டீரியோ பலவற்றில் திறக்காது. கோப்புப் பெயரைத் தமிழில் மட்டும் வைத்தால் பல கார்களின் திரையில் கட்டம் கட்டமாகத்தான் வரும். நான் ஆசை ஆசையாக, ஊரையும் நேரத்தையும் சேர்த்து, 'பேரகணி, அதிகாலை' என்று பெயர் வைத்தது நண்பர் காரில் ஏழு கட்டங்களாகத் தெரிந்தது. அவர் அதை ஏழாம் நம்பர் பாட்டு என்றுதான் இன்றும் சொல்கிறார்.

இங்கேதான் என் அளவுகோலில் பென் டிரைவ் தோற்கிறது. வீடு போன வாரமே யாராவது அதிலிருந்து ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அடுத்தவர் இன்னொருவருக்கு அனுப்புவார். மூன்றாவது கையில் ஒரு பாட்டியின் குரல் பெயரில்லாத ஆடியோ கோப்பாக நிற்கும். பகிர்வதில் எனக்கு வருத்தமே இல்லை, பெயர் கழன்று போவதுதான் வருத்தம். வேறு வழியே இல்லையென்றால் ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் பாடியவரே தன் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டுப் பாடட்டும். யாராவது வேண்டுமென்றே கத்தரித்தால்தான் அந்தச் சீட்டு போகும். விற்கும் செலவிலும் இதுவே கனம்.

க்யூஆர் அட்டை

இளநீர் கடையிலும் க்யூஆர் ஒட்டியிருக்கும் காலம். ஸ்கேன் செய்யத் தெரியாதவர் குறைவு. ஒரு தபால் அட்டை, முன்புறம் படம், பின்புறம் நான்கு வரிச் சீட்டு, மூலையில் குறி. அச்சுச் செலவு சில ரூபாய்தான். கடைக்காரருக்கு இடம் அடைக்காது, பையில் கனக்காது, பிளாஸ்டிக் உறையும் வேண்டாம். பிளாஸ்டிக்கை 2000-த்திலேயே தடுக்க ஆரம்பித்த மாவட்டம் இது, மின்னும் உறை போட்ட நினைவுப் பொருளை இங்கே நீட்டவே கூசுகிறது.

குறைகளும் உண்டு. மலைப்பாதையில் சிக்னல் வந்து வந்து போகும். அதனால் அங்கேயே ஓடுகிற மாதிரி வைக்காமல், விடுதி வைஃபையில் இறக்கிக்கொள்ளும் மாதிரி வைக்க வேண்டும், சுருக்கிய கோப்பு ஒன்று, சுருக்காதது ஒன்று என்று. இன்னும் பெரிய ஆபத்து, இணைய முகவரிக்கு வருடக் கட்டணம் கட்ட மறந்தால் விற்ற அட்டை அத்தனையும் ஒரே நாளில் ஊமையாகிவிடும். இலவசச் சேவைகள் சுருக்கித் தரும் முகவரியை நம்பவே நம்பாதீர்கள். சொந்த முகவரி வாங்கி, அதை எழுத்திலும் அச்சடியுங்கள். குறியை உயர்ந்த பிழைதிருத்த அளவில் உருவாக்கினால் ஏறக்குறைய 30 சதவீதம் வரை அழிந்தாலும் படிக்கும். மழை ஈரத்தில் நனையும் ஊருக்கு அது தேவை.

அடுத்தது போன் ஸ்பீக்கர். அந்தச் சின்ன ஸ்பீக்கர் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் பேசாது. பூங்குருவியின் விசில் அதில் அப்படியே வரும். கோத்தர் பழங்குடியினரின் மேளத்தின் அடிச்சத்தம் காணாமல் போகும். கொள் என்கிற குழல் மட்டும் அந்தரத்தில் ஊதிக்கொண்டிருப்பது போலக் கேட்கும். 'ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்' என்ற ஒரு வரியை அட்டையிலேயே போட்டுவிடுவது நல்லது.

இவ்வளவுக்கும் பிறகு என் ஓட்டு அட்டைக்குத்தான். காரணம், அட்டையே சீட்டு. இணைப்பு அறுந்தாலும் யார் பாடினார், எங்கே என்பது வாங்கியவர் கையில் இருக்கும். சுவரில் ஒட்டுவார்கள், யாருக்காவது தபாலில் அனுப்புவார்கள். பெயரும் கூடவே போகும்.

பாட்டுச் செயலிகளில் மட்டும் ஏற்றிவிட்டு விடுவதை நான் நினைவுப் பொருளாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு தடவை கேட்டால் பைசா கணக்கில் வரும், அதுவும் பாடியவரை எட்டுவது அரிது. பொத்தானை அழுத்தினால் கூவும் பொம்மைகளில் கூவுவது எந்த ஊர்க் குருவி என்று செய்தவருக்கே தெரியாது. சுவரில் மாட்டும் குட்டி மேளம் அழகுதான், ஆனால் அது பேசாது.

எதைப் பதிவது

வடிவத்தைவிட இதில்தான் அதிகம் தவறுகிறார்கள். பறவை, பாட்டு, ரயில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

பறவைக்குச் சம்பளம் கொடுக்க வேண்டாம், அனுமதி வேண்டும். காப்புக்காட்டுக்குள் வனத்துறையைக் கேட்காமல் மைக்கோடு நுழையக் கூடாது. நுழையத் தேவையும் இல்லை. சீகாரப் பூங்குருவி ஓடைக்கரையில், டீ எஸ்டேட் ஓரத்தில் விடியும் முன்பே ஆரம்பித்துவிடும். வேலையில்லாத பையன் சீட்டியடிப்பது போல இருப்பதால் வெள்ளைக்காரர்கள் அதைச் சீட்டியடிக்கும் பள்ளிச் சிறுவன் என்றார்கள். நீலகிரி சிரிப்பான் புதருக்குள்ளிருந்து சிரிக்கும், கருமந்தி பள்ளத்தாக்கையே அதிர வைக்கும். சாலையோரத்தில் நின்றே இத்தனையும் கிடைக்கும். 2005-இல் தொடங்கிய ஸீனோ-கான்டோ என்ற பறவைக் குரல் இணையதளத்தில் ஏராளமான பதிவுகள் உண்டு, ஆனால் அவற்றில் பெரும்பாலானவை வணிகத்துக்குக் கூடாது என்ற உரிமத்தோடு இருப்பவை. எடுத்து விற்றால் திருட்டு. அட்டையில் இன்னொரு வரியும் வேண்டும்: 'இதைக் காட்டுக்குள் ஒலிக்க விடாதீர்கள்.' தன் எல்லையில் வேறொரு பறவை வந்துவிட்டதென்று கூட்டை விட்டுப் பறந்து வரும், பாவம்.

பாட்டு என்றால் கேள்வியே வேறு. கோத்தர் இசையில் தெய்வத்துக்கானது, ஆட்டத்துக்கானது, சாவுக்கானது என்று பிரிவுகள் உண்டு. ஆட்ட மெட்டை ஊரார் சம்மதத்தோடு பதியலாம். சாவு மெட்டு எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் அது விற்பனைக்கானதல்ல. வாங்கிப் போனவர் அதைப் பிறந்தநாள் விருந்தில் போடுவார் என்பதை நினைத்தாலே போதும். குழல் வாசித்தவர் சரி என்றால் மட்டும் போதாது, ஊரைக் கேட்க வேண்டும். சட்டம் இதை முழுதாகப் பார்ப்பதில்லை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் பின்னால் சேர்ந்த பிரிவுகளின்படி நிகழ்த்துநருக்கு 50 ஆண்டு உரிமை உண்டு. யார் நிகழ்த்துநர் என்கிற விளக்கத்தில் பாடகரோடு பாம்பாட்டியும் கழைக்கூத்தாடியும் இருக்கிறார்கள். 2012 திருத்தம் வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டியும் சேர்த்தது. ஆனால் ஊருக்குச் சொந்தமான மெட்டு என்கிற ஒன்று அதில் இல்லை. ஆகவே தாளில் எழுதும்போது பாடியவருக்கு ஒரு பங்கு, ஊருக்கு ஒரு பங்கு என்று நாமே எழுத வேண்டும். பதிந்த அன்றே கையில் ஒரு தொகை, பிறகு ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு பங்கு. அட்டைக்கு வரிசை எண் போட்டுவிட்டால் எத்தனை விற்றது என்பதை அவர்களே எண்ணிக் கேட்கலாம். செலவு போக மிஞ்சியதில் பாதிக்குக் குறைவாக அவர்களுக்குக் கொடுக்கும் கணக்கு எதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பாட்டுக்கு அடியில் கீபோர்டு போடாதீர்கள், குருவிக்குப் பின்னால் புல்லாங்குழல் சேர்க்காதீர்கள். அட்டப்பாடி இருளர் நஞ்சியம்மா ஒரு படத்தில் பாடியதற்கு 2022-இல் தேசிய விருது அறிவித்தபோது நாடே கேட்டது அந்தக் குரலைத்தான்.

ரயில்தான் மூன்றிலும் எளிது. 1899-இல் குன்னூர் வரை வந்து, 1908-இல் ஊட்டியைத் தொட்டு, 2005-இல் உலக மரபுச் சின்னமானது. கல்லாறு தாண்டியதும் பற்சக்கரம் பல் தண்டவாளத்தில் கடிக்கும் சத்தம் ஆரம்பிக்கும். நீராவி இன்ஜின் முன்னால் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. ஆகவே சத்தம் வேண்டுபவர் கடைசிப் பெட்டியில் உட்கார வேண்டும். குகைக்குள் நுழைந்ததும் பயணிகள் எல்லாரும் ஒன்றாகக் கத்துவார்களே, அதையும் வெட்டாமல் வையுங்கள்.

காசு கொடுக்காமலே கேட்க ஒன்று உண்டு. கோத்தகிரிப் பக்கம் தங்குகிறவர்கள் ரேடியோவில் 90.4 வைத்துப் பாருங்கள். கீஸ்டோன் அமைப்பின் சமுதாய வானொலி. அங்கே உள்ளூர் மொழிகள் கேட்கும்.

இப்போது நான் செய்வது இதுதான். எல்லாருக்கும் அட்டை. நூலகத்துக்கும் பள்ளிக்கும் புத்தகத்தோடு கொஞ்சம் சிடி. பென் டிரைவ், கேட்பவருக்கு மட்டும்.

கோத்தகிரிச் சரிவில் ஓர் இருளர் பாட்டியின் பாட்டை அப்படித்தான் ஓர் அட்டைக்காகப் பதிந்தேன். முடிந்ததும் ஹெட்போனை அவர் காதில் வைத்துப் போட்டுக் காட்டினேன். இரண்டாவது நிமிடத்தில் நாய் ஒன்று குரைத்தது. "அதை எடுத்துடறேன் பாட்டி" என்றேன். "எதுக்குக் கண்ணு? அது நம்ம நாய்தான், இருந்துட்டுப் போகட்டும்" என்றார். அட்டையில் பாட்டியின் பெயர், ஊர், தேதி, பாட்டின் பொருள் எல்லாம் இருக்கின்றன. கடைசி வரி இப்படி முடிகிறது: 'இடையில் குரைப்பது அவர்கள் வீட்டு நாய்.'