1984 ஹார்னெட்டுக்கு 2004 கிட்: எதை எடுக்கலாம், எதை விடலாம்

ஜப்பானிய மாடல் நிறுவனமான டமியாவின் ஹார்னெட், 1984-இல் வந்த 1/10 அளவு ரேடியோ கட்டுப்பாட்டு பக்கி கார்; பின்சக்கரங்களால் ஓடுவது. கிட் எண் 58045. அதையே 2004-இல் 58336 என்ற எண்ணில் மறுபடியும் வெளியிட்டார்கள். புதிதாக ரேடியோ கார் ஓட்டப் பழகுபவர்களுக்கு, பாகங்களாக வந்து நாமே பூட்டும் இந்த கிட்டைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். அதைவிட, பரணில் கிடக்கும் பழைய ஹார்னெட்டை எழுப்ப நினைப்பவர்களுக்குத்தான் இது உண்மையில் பயன்படும். பெட்டிக்குள் இருப்பது முழுக் கார் என்றாலும் அதை உதிரிபாகக் கிடங்காகப் பார்ப்பதே புத்திசாலித்தனம். பெரும்பாலான பாகங்கள் பழைய வண்டியில் அப்படியே உட்காருகின்றன.

வாங்குவதற்கு முன் பழைய வண்டியை முழுவதும் கழற்றிப் பாருங்கள். டமியாவின் ஸ்க்ரூக்கள் ஜப்பானிய ஜேஐஎஸ் தரத்தவை. சாதாரண பிலிப்ஸ் திருப்புளியை வைத்துத் திருகினால் நுனி மேலே ஏறி நழுவி, ஸ்க்ரூத் தலை மொழுமொழுவென்று ஆகிவிடும். ஒரு ஜேஐஎஸ் திருப்புளி வாங்குவதே இந்த வேலையின் முதல் செலவு. திரும்பப் பூட்டும்போது ஸ்க்ரூவை முதலில் இடப்பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். பழைய மரையில் 'டக்' என்று விழுந்ததும் வலப்பக்கம் முறுக்குங்கள். இல்லாவிட்டால் பிளாஸ்டிக்கில் புதிய மரை வெட்டி, ஓட்டை தளர்ந்துவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது தொட்டி போன்ற அந்த வெள்ளைச் சட்டம். ஸ்க்ரூ இறங்கும் தூண்களிலும் முன் சக்கரங்களைத் தாங்கும் கைகள் பொருந்தும் இடத்திலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சிறு விரிசல் என்றால், கிட்டின் பாகங்களை வெட்டியெடுத்தபின் மிஞ்சும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் சட்டகத் துண்டுகளை அசிட்டோனில் கரைத்துக் கூழாக்கி உள்பக்கமாகத் தடவலாம். ஒரு நாள் முழுக்க உலர வேண்டும். நன்றாகப் பிடிக்கும். மறைவான மூலையில் ஒரு துளி வைத்து, பிளாஸ்டிக் இளகுகிறதா என்று முதலில் சோதித்துக்கொள்வது நல்லது. இதே காரணத்தால், அழுக்கு எடுக்க அசிட்டோனோ தின்னரோ தொடவே கூடாது. வெதுவெதுப்பான நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய பல் தேய்க்கும் பிரஷ் போதும். கொதிநீர் ஊற்றினால் சட்டம் வளைந்துவிடும்.

வெள்ளை மஞ்சளாகியிருந்தால் சலூன் பொருட்கள் விற்கும் கடையில் 40 வால்யூம் கிரீம் டெவலப்பர் கிடைக்கும். அதாவது 12 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. கையுறை மாட்டி, சீராகப் பூசி, சமையலறைப் பிளாஸ்டிக் தாளால் காற்றுப் புகாமல் சுற்றி வெயிலில் வையுங்கள். மணிக்கொரு முறை திருப்பி, உலரும் இடத்தில் மறுபடி பூசுங்கள். கிரீம் காய்ந்த இடத்தில் வெளுப்பு திட்டுத்திட்டாக நிற்கும். அதை அப்புறம் சரிசெய்வது கடினம். நிறம் திரும்பும், வலிமை திரும்பாது. விரிசல் பெரிதென்றால் கிட்டின் புதுச் சட்டத்துக்கு மாறிவிடுங்கள்.

கிட்டிலிருந்து எடுக்க வேண்டிய முதல் பொருள் டயர். இருபது, முப்பது வருடம் கிடந்த ரப்பர் இறுகி, பின்டயர் முட்கள் விரல் அழுத்தினாலே பிய்ந்து வரும். அடுத்தது பாலிகார்பனேட் உடல். பழைய உடலில் பெயின்ட் உரிந்திருந்தால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து எடுக்கலாம். ஆனால் வளைவுகளில் வெடிப்பு இருந்தால் அந்த உழைப்பு வீண். புது உடலுக்கு உள்பக்கமாகவே பெயின்ட் அடிக்க வேண்டும். டமியாவின் பிஎஸ் வரிசை கருப்பு, மெல்லிய மூன்று நான்கு பூச்சு. டிஎஸ் வரிசை கடின பிளாஸ்டிக்குக்கானது, பாலிகார்பனேட்டில் உதிர்ந்துவிடும். கடையில் இரண்டு டப்பாவும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும், பெயரைப் படித்து எடுங்கள்.

கிட்டில் விட்டுவிட வேண்டியது சக்கரத்துக்கும் கியருக்கும் தரும், அச்சைத் தாங்கும் பிளாஸ்டிக் வளையங்களான புஷ்கள். தூசி ஏறியதும் தேய்ந்து, சக்கரம் ஆட்டம் போடும். பால் பேரிங் போடுங்கள். பழைய புஷ்ஷை காலிப்பரில் அளந்து வாங்குங்கள். 1150 என்று கடையில் சொல்வது வெளிவிட்டம் 11, உள்விட்டம் 5 மில்லிமீட்டர். வண்டிக்குச் செய்யும் மேம்பாடுகளில் காசுக்குத் தகுந்த பலன் இதில்தான்.

பழைய கியர்பாக்ஸ் வேறு விஷயம். உள்ளே கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும், ஆனால் பற்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆல்கஹாலில் கழுவி, ஒவ்வொரு பல்லையும் பார்த்து, புதுக் கிரீஸ் மெல்லியதாகத் தடவினால் போதும். அள்ளி அப்பினால் அது மணலைப் பிடித்து அரைத்துவிடும். மோட்டார் அச்சில் மாட்டும் சிறு கியரான பினியனின் ஸ்க்ரூ அச்சின் தட்டைப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் த்ரெட்லாக் பசை உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்துக்கு மட்டும். பிளாஸ்டிக்கில் பட்டால் பிளாஸ்டிக் விரிசல் விடும்.

ஓட்டத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடலாம்: ஹார்னெட் துள்ளும். கியர்பாக்ஸ், மோட்டார், பின் அச்சு மூன்றும் ஒரே கட்டியாக மேலும் கீழும் ஆடுகின்றன. அவ்வளவு எடையை அதிர்வை அடக்கும் இரண்டு சிறு எண்ணெய் டேம்பர்களால் அடக்க முடியாது. முன்பக்கம் வெறும் சுருள் வில், எண்ணெய் கிடையாது. டேம்பர் ஓ-ரிங்குகளை மாற்றி, எண்ணெயைச் சற்றுக் கெட்டியாக்கினால் கொஞ்சம் அடங்கும். அலுமினியப் பாகங்களை அடுக்கி இதை மாற்ற நினைப்பவர்கள் வேறு கார் வாங்குவது மலிவு. மோட்டாரிலும் அப்படித்தான். கிட்டில் வரும் 540 வகை மோட்டார் அல்லது டமியாவின் சற்று வேகமான ஸ்போர்ட் டியூன்ட் மோட்டார் வரை போகலாம். அதற்கு மேல் கியர்பாக்ஸ் தாங்காது, கார் நேராகவும் போகாது.

பழைய மெக்கானிக்கல் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை அலமாரியில் காட்சிக்கு வைக்கும் வண்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கரியேறிய செப்புத் தகடுகளை 1000 எண் எமரித்தாளால் தேய்த்தால் மீண்டும் வேலை செய்யும். ஓட்டுவதற்கானால் மின்னணு கட்டுப்பாட்டுக் கருவியும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவும் போட்டுவிடுங்கள், தனி ரிசீவர் பேட்டரிப் பெட்டியின் தொல்லையும் போகும். 7.2 வோல்ட் நிக்கல் பேட்டரி போதும். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி வைப்பதானால் இரண்டு செல், விளிம்பு உருண்ட கடின உறை; சதுர மூலை உள்ளது பேட்டரிக் குழிக்குள் இறங்காது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில், வோல்ட் மிகவும் இறங்கினால் மின்சாரத்தை நிறுத்தும் லிப்போ கட்-ஆஃப் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் செல் கெட்டுவிடும். வெள்ளை டமியா கனெக்டர் அதிக மின்னோட்டத்தில் சூடாகி உருகும், எக்ஸ்டி60 வகை கனெக்டர் வைத்து ஈயம் பற்றவையுங்கள்.

சட்டமும் கியர்பாக்ஸும் நன்றாக இருக்கும் வண்டிக்கு முழு கிட் வேண்டாம். டயர், உடல், ஸ்டிக்கர் மட்டும் தனியாக வாங்குங்கள். சட்டம் போயிருந்தால் கிட்டை வாங்கி, கழற்றிய பழைய பாகங்களைப் பெயர் எழுதிய பைகளில் போட்டு வையுங்கள். ஒருநாள் விற்க நேர்ந்தால், அசல் 1984 பாகங்கள் கூட இருக்கும் வண்டிக்கே நல்ல விலை.