சின்ன அடிக்கு க்ளைமா, கைக்காசா?

பின் பம்பரில் கீறல், டெயில் லைட் உடைசல். ஒர்க்‌ஷாப்பில் 6,500 ரூபாய் என்கிறார்கள். இன்சூரன்ஸ் இருக்கிறதே, க்ளைம் போட்டுவிடலாமா?

போடலாம். ஆனால் 1500 சிசி வரையிலான காருக்கு முதல் 1,000 ரூபாய் நம் தலையில்தான். ஜீரோ டெப் (தேய்மானத்தைக் கழிக்காத கூடுதல் கவர்) எடுக்காதவர்களுக்கு பிளாஸ்டிக் பாகங்களில் 50 சதவீதம் தேய்மானமும் கழியும். ஆக, கைக்கு வருவது அதிகபட்சம் 5,500.

போவது எவ்வளவு? க்ளைம் போடாத ஆண்டுகளுக்காக பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ க்ளைம் போனஸ் (என்சிபி) 20 சதவீதத்தில் தொடங்கி 25, 35, 45 என்று ஏறி, ஐந்தாம் ஆண்டில் 50 ஆகும். ஒரே க்ளைமில் பூஜ்ஜியம். உங்கள் ஓன் டேமேஜ் பிரீமியம் (நம் வண்டியின் சேதத்துக்கான பகுதி) தள்ளுபடிக்கு முன் 12,000 என்றும், அது மாறாது என்றும் வையுங்கள். 50 சதவீதத்தில் இருந்தவர் அடுத்த ஆண்டு 6,000 கூடுதலாகக் கட்டுவார்; போனஸ் மறுபடி 20-லிருந்து ஏறுவதால் அதற்கடுத்து 3,600, 3,000, 1,800, 600. கூட்டினால் 15,000! (அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான தேர்ட் பார்ட்டி பிரீமியத்துக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது.)

கைக்காசு கொடுத்தால் சேதத்தை மதிப்பிடும் சர்வேயருக்காகக் காத்திருக்க வேண்டாம். நான் இந்தப் பக்கம்தான்.

என்சிபி புரொடெக்ட் (க்ளைம் போட்டாலும் போனஸைக் காக்கும் கூடுதல் கவர்) எடுத்தவர், செலவு முப்பதாயிரத்தைத் தாண்டியவர் என்றால் யோசிக்காமல் க்ளைம் போடலாம். கார் பல நாள் ஷெட்டில் கிடந்தால், தினப்படி தரும் ஆட்-ஆன் (கூடுதல் கவர்) எடுத்தவருக்கு டாக்ஸிச் செலவுக்காவது ஏதோ கிடைக்கும். வழியில் வண்டி நின்று ரோட்சைட் அசிஸ்டன்ஸில் இழுத்து வருவது மட்டும் பொதுவாக போனஸைத் தொடாது.