ஸ்டார்ட்அப் டிஎன் மதுரை மண்டல மையம்: பயன்படுத்தியவனின் மதிப்பீடு

மாட்டுத்தாவணி பூச்சந்தையிலிருந்து தெர்மாக்கோல் பெட்டியில் ஐஸ் வைத்து வெளியூர் போகும் மல்லிகை மொட்டு, வழியில் எந்த நேரத்தில் சூடேறி விரிந்தது என்பதைப் பதிவு செய்யும் சிறு கருவி ஒன்றை நானும் என் தங்கை மகனும் செய்து வருகிறோம். அதற்காகத் தமிழ்நாடு அரசின் புத்தொழில் மற்றும் புத்தாக்க இயக்கமான ஸ்டார்ட்அப் டிஎன்னின் மதுரை மண்டல மையத்துக்கு ஓராண்டாகப் போய் வருகிறேன். போகலாமா என்று யோசிக்கும் நம் ஊர்க்காரர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இதற்கு முன் வேறோர் ஊரில் இருந்த ஒரு தனியார் தொழில் வளர் மையத்தில் ஆறு மாதம் மேசை வாடகை கட்டினோம். ஆங்கிலத்தில் நாற்பது பக்க விளக்கப்படம் தயாரிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். கருவியை ஒருவரும் கையில் எடுத்துப் பார்க்கவில்லை.

மதுரை மையத்தில் முதல் நாள் எங்களிடம் பேசிய பெண் அலுவலர், விளக்கப்படத்தை ஒதுக்கிவிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஒயரைத் தொட்டுப் பார்த்தவர், "சார், இதுக்கு யார் காசு கொடுப்பாங்க? பூ வியாபாரியா, ஏற்றுமதி பண்றவரா?" என்று கேட்டார். வியாபாரிதான் என்று ஒரு வருடமாக நம்பியிருந்தோம். ஏற்றுமதி செய்யும் ஐந்து பேரையாவது பார்த்துவிட்டு வரும்படி சொல்லி அனுப்பினார். அந்த ஐந்து சந்திப்புகளில்தான் எங்கள் தொழில் திசை மாறியது.

தொடக்க நிலை நிறுவனங்களுக்கு இயக்கம் தரும் டான்சீட் ஆதார நிதியைப் பற்றி அவர் விளக்கிய விதமும் மறக்க முடியாதது. 10 லட்சம் ரூபாய் கிடைக்கும், அதற்கு ஈடாக நம் நிறுவனத்தின் 3 சதவீதப் பங்கு போகும் என்பதை ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, "பத்தாயிரம் பங்கு இருந்தா அதுல முந்நூறு. வீட்ல எல்லாரும் சம்மதிச்ச பிறகு விண்ணப்பம் போடுங்க" என்றார். பணம் தருகிறேன் என்பவர் நிதானமாக யோசிக்கச் சொல்வது அபூர்வம்.

இந்த அணுகுமுறைக்குத் தலைமையும் ஒரு காரணம் என்பது என் கருத்து. இயக்கத்தின் தலைமைச் செயல் அதிகாரி சிவராஜா ராமநாதன், அரசுப் பொறுப்புக்கு வருமுன் நேட்டிவ்லீட் அமைப்பைத் தொடங்கி, உள்ளூர்த் தொழிலதிபர்களின் பணத்தைச் சிறிய ஊர்களின் புதிய நிறுவனங்களுக்குக் கொண்டுவர உழைத்தவர். சென்னையை விட்டு வெளியே இருப்பவருக்கு முதலில் வேண்டியது போகவர முடிந்த தூரத்தில் ஓர் ஆள் என்பதை அனுபவத்தில் அறிந்த ஒருவர் பொறுப்பில் இருந்ததால்தான் மதுரை, திருநெல்வேலி, ஈரோடு என்று மண்டல மையங்கள் வந்தன என்று நினைக்கிறேன். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களில் முதலீடு செய்ய 2022-23இல் 30 கோடி ரூபாயில் தனி நிதி உருவானதையும் இதோடு சேர்த்தே பார்க்கிறேன். சொத்தும் உறவினர் பணமும் பின்னால் இல்லாதவருக்கு வங்கிக் கடனை விடப் பங்கு முதலீடே பொருந்தும். கடன் என்றால் முதல் விற்பனைக்கு முன்பே தவணை வந்து நிற்கும். மாநிலங்களின் புத்தொழில் தரவரிசையில், 2022ஆம் ஆண்டுப் பதிப்பில், தமிழ்நாடு மிகச் சிறந்த செயல்பாட்டுப் பிரிவில் இடம்பெற்றது இந்தக் காலத்தில்தான்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மென்பொருள் எழுதுபவருக்கு 10 லட்சம் கணிசமான தொகை. பொருள் செய்பவருக்கு அது சீக்கிரம் கரைந்துவிடும். பிளாஸ்டிக் உறைக்கான அச்சு ஒன்றுக்கே சில லட்சங்கள் ஆகும். முதல் அச்சு சரியாக அமையாவிட்டால் மறுபடியும் அதே செலவு. கருவி செய்வோருக்கென்று பொது அச்சுப்பட்டறையும் சோதனைக்கூடமும் மண்டலந்தோறும் அமைந்தால், மதுரை, கோவை, ஓசூர்ப் பகுதிப் பட்டறைகளில் ஏற்கெனவே இருக்கும் கைத்திறன் புதிய நிறுவனங்களுக்கும் பயன்படும்.

ஆலோசனைக்கு முழு மதிப்பெண் தருவேன். பொருள் செய்வோருக்கான உதவிக்குப் பாதிதான். போவதென்று முடிவு செய்தால், ஒயர் வெளியே தெரிந்தாலும் பரவாயில்லை, செய்த மாதிரியைக் கையோடு கொண்டு போங்கள்; அதை வாங்கக்கூடிய இரண்டு பேரிடமாவது முன்கூட்டியே பேசிவிட்டுப் போனால், முதல் சந்திப்பிலேயே எங்களை விட ஒரு மாதம் முன்னால் இருப்பீர்கள்.